பம்பருக்காக நேர்ந்துகொண்டது

ஐந்து ஐம்பத்தாறுக்கு அடைக்கலராஜ் இட்லியைப் பிய்க்க ஆரம்பித்துவிடுவார். சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ்கள் நிற்குமிடத்தில், தூணோரம் கிடக்கும் இரும்பு ஸ்டூல்தான் அவருடைய அலுவலகம். டிபன் டப்பாவைத் திறந்து ஓர் இட்லியை நான்காக்கி, ஒரு துண்டில் கட்டைவிரலால் குழி செய்து, மாத்திரையை உள்ளே வைத்து மூடுவார். பிறகு இடது மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பார். சரியாக ஆறு மணிக்கு "பம்பர்" என்று ஒரு சத்தம். ஸ்டூலுக்கு அடியில் படுத்திருக்கும் செவலை நாய் தலையை மட்டும் நீட்டும். இட்லி உள்ளே போனதும் விசிலை வாயில் வைத்து, ஆறு மணி வண்டியை ஊதி அனுப்பிவிடுவார்.

"டயத்த மட்டும் விட்டுடக் கூடாது சார்" என்பார். நாய்க்கும் பஸ்ஸுக்கும் அவரிடம் ஒரே வாக்கியம்தான்.

அடைக்கலராஜ் டைம் கீப்பர். முசிறி வழியில் ஓடும் தனியார் பஸ்களை நிமிஷக் கணக்கில் கிளப்பிவிடுவது வேலை. இரண்டு நிமிஷம் தாமதித்துக் கிளம்பும் பஸ் பின்னால் வரும் பஸ்ஸின் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காக டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்ட காலமும் உண்டு. இவர் ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு அந்தச் சண்டை இல்லை. ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடக்கும். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். நகராத டிரைவரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் தன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கே வண்டி நகர்ந்துவிடும்.

நான் ஸ்ரீரங்கத்திலிருந்து முசிறிக்குப் போய்வரும் வேதியியல் ஆசிரியர். பதினோரு வருடமாக ஆறு இருபது வண்டி. எனக்கு நாய் ஆகாது. எட்டு வயதில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவனுக்கு எந்த நாயும் நல்ல நாய் இல்லை. ஆகவே இதை நாயின் மேலுள்ள பிரியத்தில் எழுதவில்லை. அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன் என்ற உறுத்தலில் எழுதுகிறேன்.

பம்பர் குட்டியாக இருந்தபோது பின்னால் வந்த ஒரு பஸ்ஸின் பம்பர் அதன் தலையில் இடித்தது. பெயர் அப்படித்தான் வந்தது. அடைக்கலராஜ் அதைத் துண்டில் சுற்றிப் பாலக்கரையிலுள்ள தன் வீட்டுக்குத் தூக்கிப்போனார். பிழைத்தது. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் ஸ்டூலுக்கு அடியில் கால்கள் நான்கும் விறைத்து, தாடை கிட்டித்து, வாயோரம் நுரை தள்ளித் துடித்தது. கூட்டம் கூடிவிட்டது. யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். அடைக்கலராஜ் அதை வாங்கவில்லை. குனிந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லோரும் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்தோம். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு" என்று டாக்டரிடம் சொன்னது அவர் ஒருவர்தானாம். அதைக் கேட்டுத்தான் மருந்தின் அளவையே முடிவு செய்தேன் என்று தில்லைநகர் கால்நடை மருத்துவர் ஃபெமினா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மாத்திரை வலிப்பை நிறுத்தியது. ஆனால் நாயை வேறு நாயாக்கிவிட்டது. அப்படியொரு பசியை நான் கண்டதில்லை. பழக்கூடைக்காரி ராக்கம்மாள் அந்தப் பக்கம் திரும்பிச் சில்லறை கொடுப்பதற்குள் அரைச் சீப்பு பூவன்பழம் தோலோடு காணாமல் போகும். "ஒங்க நாய்க்கு வயிறா கெணறாண்ணே?" என்று அவள் கத்துவாள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் மாட்ட வைத்திருந்த மல்லிகைச் சரத்தைத் தின்றது. ஒரு கண்டக்டரின் டிக்கெட் கட்டைத் தின்றது. வீட்டில் மாதா படத்தின் முன்னிருந்த மெழுகுவத்தியையும் விடவில்லை. தாகமும் அப்படித்தான், ரேடியேட்டருக்கு வைத்த வாளித் தண்ணீர் பாதி பம்பருக்குப் போகும். குடித்த தண்ணீர் சும்மா இருக்குமா? அரை மணிக்கு ஒருமுறை அதைத் தூணுக்குப் பின்னால் நடத்திப்போய், பின்னாலேயே ஒரு கப் தண்ணீரை ஊற்றிவிட்டு வருவது டைம் கீப்பரின் கூடுதல் வேலையானது. "மாத்திர சாப்புடுது சார், அது என்ன பண்ணும்" என்பார், ஏதோ நான் புகார் கொடுத்துவிட்டதைப் போல.

இரண்டு வருடத்தில் அது உருண்டையாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஈரலும் சரியில்லை என்று தெரிந்தது. அதனால் சென்ற தீபாவளிக்கு முன்பு டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கி, கூடவே புரோமைடு என்ற திரவ மருந்தை ஆரம்பித்தார். இது ஈரலைத் தொடாது, ஆனால் உடம்பில் சேர்ந்து நிலைக்க மூன்று நான்கு மாதம் ஆகும் என்றார். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, கருவாடு, அப்பளம், சிப்ஸ் இதெல்லாம் போடக் கூடாது, சாப்பாட்டை மாற்றக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அடைக்கலராஜ் ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாகச் செய்ய மாட்டார். பஸ்களுக்கு ஊர்ப்பெயர் எழுதும் பெயிண்டரிடம் போய், உள்ளங்கை அகலத் தகரத்தில் மஞ்சளடித்துக் கறுப்பில் எழுதி வாங்கி, பம்பரின் கழுத்தில் மாட்டிவிட்டார்: 'மருந்து சாப்பிடுகிறேன். எதுவும் போடாதீர்.' முசிறி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள்; ஆனால் போட மாட்டார்கள். டீக்கடையின் வடைத்துணுக்கு நின்றது, பார்சல்காரர்கள் பிய்த்துப்போடும் முறுக்கு நின்றது. அதற்குப் பிறகு பம்பர் சாப்பிட்டதெல்லாம் அடைக்கலராஜின் மனைவி லூர்துராணி சமைத்தது மட்டும்தான்.

புது மருந்து நிலைப்பதற்கு முன்பே பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலன்று ஒரே பகலில் மூன்று வலிப்பு. மூன்றாவது ஐந்து நிமிஷத்தைத் தாண்டியது. டாக்டர் ஊசி போட்டு நிறுத்தினார். அன்றைக்குத்தான் அடைக்கலராஜ் மாதா கோவிலுக்குப் போய் நேர்ந்துகொண்டிருக்கிறார். அது எனக்கு மார்ச்சில் ஒருநாள்தான் தெரிந்தது.

அன்று அவர் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை ஒரு பிடி எடுத்து நீட்டினார். வாயில் போட்டதும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மரியாதையில்லை.

"என்னண்ணே, வீட்டுல உப்பே இல்லையா?"

"தவக்காலம் சார். சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் வீட்டுல உப்பு கெடையாது. பம்பருக்காவ நேர்ந்துக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருப்பவர்களை, கறி மீனை நாற்பது நாள் தொடாதவர்களை எனக்குத் தெரியும். உப்பை விட்டவரை அன்றுதான் பார்த்தேன். "பிரஷர் கொறையும், நல்லதுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம் கோடு போட்டு, வலிப்பு வந்த தேதி, மணி, நிமிஷம் எல்லாம் எழுதியிருந்தது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஒன்றுமே இல்லை. "பாருங்க சார், சுத்தமா இருக்கு" என்றார். இன்ஜின்களின் புகைக்கு நடுவே அந்த வெற்றுத் தாளை அப்படிப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்து எனக்கே மனம் நெகிழ்ந்துவிட்டது. வேதியியல் வாத்தியாரின் மூளை மட்டும் வேலை செய்யவில்லை.

வலிப்பைத்தான் அவர் எழுதினார். வேறெதையும் எழுதவில்லை. மார்ச் கடைசியில் பம்பர் எழுந்து நிற்கும்போது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பிறகு படியேற முடியாமல் போனது. பிறகு, பழக்கூடை பக்கத்தில் இருந்தும் தலை தூக்கவில்லை. "பழத்த நானே தரேன், திங்க மாட்டேங்குதே" என்று ராக்கம்மாள் ஒருநாள் கவலையாகச் சொன்னாள். டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள் என்று நானும் இரண்டு முறை சொன்னேன். "வலிப்பு இல்ல சார். போன் போட்டா மருந்த மாத்துவாங்க. மாத்துனா மறுபடி வரும்" என்றார். என் கண்ணைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவருக்குப் பயம். அந்தச் சுத்தமான தாளின் மேல் ஒரு கோடு விழுந்துவிடுமோ என்ற பயம்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை எனக்கு அரை நாள் பள்ளி. முசிறியிலிருந்து ஒன்றரை மணிக்குச் சத்திரத்தில் வந்து இறங்கினேன். வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. ஒன்று முப்பத்தைந்து வண்டி கிளம்பத் தயாராக நின்றது, டிரைவர் காத்தமுத்து. வண்டி பின்னால் வந்து ஒடித்துத்தான் வெளியே போக வேண்டும். அடைக்கலராஜ் பஸ்ஸின் பக்கவாட்டில் நின்று, கடிகாரத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "வரட்டும், வரட்டும்." வண்டி பின்னால் நகர்ந்தது.

நான் பார்த்தது முதலில் அந்த மஞ்சள் தகரத்தைத்தான். வலது பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, பஸ்ஸின் நிழலில், பம்பர் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. கண் திறந்திருந்தது. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. எழுந்திருக்க முன்கால்களால் தரையைப் பிராண்டியது, பின்கால்கள் வரவில்லை. நான் கத்தினேனா, பஸ்ஸின் தகட்டைத் தட்டினேனா என்று நினைவில்லை. ராக்கம்மாள் கூடையோடு எழுந்து ஓடிவந்தாள். பிரேக் போட்டபோது சக்கரத்துக்கும் நாயின் முதுகுக்கும் நடுவே என் செருப்பை வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

அடைக்கலராஜ் மண்டியிட்டு அதை இழுத்தெடுத்தார். மடியில் தலையை வைத்துக்கொண்டார். நாக்கு தொங்கிக் கிடந்தது. காத்தமுத்து கீழே இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே பார்த்தான்.

"நாந்தான் கைய ஆட்டுனேன்" என்றார் அடைக்கலராஜ். யார் ஆட்டியது என்று யாரும் கேட்கவில்லை. "நாந்தானே ஆட்டுனேன்."

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றான் காத்தமுத்து. "மருந்துதான் அத இப்படிப் போட்டு அமுக்குது. ஒண்ணு மருந்த நிறுத்துங்க. இல்லன்னா ஒரு ஊசி போட்டு அனுப்பிச்சுடுங்க. எத்தன நாளைக்கு அது இப்படிக் கெடக்கும்?" அவன் கெட்டவனில்லை.

ஒன்று நாற்பத்தெட்டு வண்டி தானாகக் கிளம்பிப் போனது. அடைக்கலராஜ் விசில் ஊதவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்குச் சாயந்திரத்துலேருந்து மருந்து கெடையாது சார்" என்றார். "விஷத்தக் குடுத்துட்டு இருக்கேன்."

"அண்ணே, திடீர்னு நிறுத்துனா வலிப்பு நிக்காம வரும்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுங்க."

"கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். ஈரல் போச்சும்பாங்க."

டாக்டரிடம் போக அவரை ஆட்டோவில் ஏற்றியது நான்தான். நாயைத் தொடாதவன், அதன் பின்பாதியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினேன். கனத்தது. என் கால்சட்டையில் சிறுநீர் கழித்தது. அதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

டாக்டர் ஃபெமினா அதிகம் பேசாத, குட்டையான பெண்மணி. மேசையில் கிடத்தி, இமையைத் தூக்கிப் பார்த்து, பின்னங்காலின் விரல்களை மடக்கிவிட்டு அது திரும்ப நிமிர்கிறதா என்று கவனித்தார். நிமிரவில்லை. ரத்தம் எடுத்து அங்கேயே உள்ள மெஷினில் ஈரலைப் பார்க்கக் கொடுத்தார். இருபது நிமிஷம் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அடைக்கலராஜ் ஜெபமாலையைக் கையில் எடுத்தார், ஆனால் உருட்டவில்லை.

"ஈரல் பரவால்ல" என்றார் டாக்டர், தாளோடு வந்து. "போன தடவையவிட நல்லாருக்கு. எனக்கே புரியல. மருந்து கூடிப்போன மாதிரி இருக்கு. புரோமைடு எவ்ளோ குடுக்குறீங்க?"

"நீங்க சொன்னதுதான் டாக்டரம்மா. ஒரு சொட்டு கூட இல்ல, கொறைய இல்ல. காலைல ஆறு, சாயந்திரம் ஆறு. ஒரு நிமிஷம் தப்புனதில்ல."

"சாப்பாடு எதுவும் மாத்துனீங்களா?"

"இல்லங்க. நாங்க திங்கிறதுதான் அதுவும் திங்குது. வெளில ஒருத்தரும் ஒண்ணும் போடறதில்ல."

அது உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. டாக்டர் மறுபடி நாயின் பக்கம் திரும்பினார். அப்போதுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு மாதம் முன்பே வந்திருக்க வேண்டியது என் தலைக்குள் வந்தது. புரோமைடு. குளோரைடு. ஒரே குடும்பத்து உப்புகள். பதினொன்றாம் வகுப்பில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன்.

"டாக்டர்" என்றேன். "அவங்க வீட்டுல ஒரு மாசமா உப்பு கெடையாது."

அவர் சட்டென்று திரும்பினார். "உப்பு கெடையாதுன்னா?"

அடைக்கலராஜ்தான் சொன்னார். நேர்ந்துகொண்டதைச் சொன்னார். சோறு, குழம்பு, இட்லி மாவு வரைக்கும் உப்பில்லை என்றார். "நீங்களே கருவாடு வேணாம், அப்பளம் வேணாம்னீங்க. உப்பே இல்லாம இருந்தா அதுக்கு இன்னும் நல்லதுன்னு நெனச்சேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "கூடவும் கூடாது, கொறையவும் கூடாது, அதுக்குத்தான் சாப்பாட்ட மாத்தாதீங்கன்னு சொன்னேன் சார். உப்பு கூடுனா மருந்து ஒடம்புல நிக்காம சிறுநீர்ல போயிடும், வலிப்பு வரும். உப்பு கொறைஞ்சா ஒடம்பு மருந்த வெளிய விடாது. நீங்க குடுத்ததெல்லாம் உள்ளயே சேந்துக்கிட்டு இருந்திருக்கு. ரத்தத்த சென்னைக்கு அனுப்பித்தான் அளவு தெரியும். ஆனா நான் காத்திருக்கப் போறதில்ல." பிறகு மெதுவாகக் கேட்டார், "கொறையவும் கூடாதுன்னு நான் சொன்னேனா, இல்லையா?"

"ஞாபகம் இல்லங்க" என்றார் அடைக்கலராஜ். எல்லாவற்றையும் நிமிஷத்தோடு ஞாபகம் வைத்திருப்பவர்.

அந்தச் சுத்தமான தாள் எதனால் சுத்தமாக இருந்தது என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். வேண்டுதல் வலிப்பை நிறுத்தவில்லை. தேங்கிப்போன மருந்து நிறுத்தியிருக்கிறது. அதே மருந்து நாயையும் சாய்த்திருக்கிறது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பம்பரின் முன்காலில் மயிரைச் சிரைத்து ஊசி குத்தி, பாட்டிலிலிருந்து உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். "மெதுவாத்தான் ஏத்தணும்" என்றார் டாக்டர். "வேகமா ஏத்துனா மருந்து ஒரேயடியா எறங்கிடும். வலிப்பு வரலாம். இன்னிக்கு, நாளைக்கு புரோமைடு வேண்டாம், அப்புறம் கொறச்ச அளவுல ஆரம்பிப்போம். மாத்திரைய மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீங்க. வீட்டுச் சாப்பாட்டுல முன்ன எவ்ளோ உப்பு இருந்துச்சோ அதே அளவு போடணும். கூடுனா ஒரு கஷ்டம், கொறைஞ்சா ஒரு கஷ்டம். அடுத்த பத்து நாள் ரொம்பக் கவனமா இருக்கணும் சார்."

"பொழைச்சுக்குமா?"

"இந்தப் பத்து நாளத் தாண்டட்டும்" என்றார் அவர்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் சமாதானம் சொன்னேன். நாய்க்கு மட்டும் தனியாக உப்புப் போட்டுவிட்டு நீங்கள் உங்கள் நேர்ச்சையைத் தொடருங்கள் என்றேன். எனக்கு அது மிகச் சுலபமான வழியாகத் தெரிந்தது.

"அதையும் சேத்துத்தான் சார் நேர்ந்தேன்" என்றார். "எங்க வீட்டுல மூணு உயிர், மூணு பேருக்கும் உப்பு வேணாம், இத மட்டும் காப்பாத்திக் குடுன்னு கேட்டேன். வாயால சொன்னது." பம்பரின் தலை அவர் தொடையில் இருந்தது. "இன்னும் ரெண்டு வாரந்தான் இருந்துச்சு."

பாலக்கரையில் அவர் வீடு இரண்டு அறை. லூர்துராணி ஆடையகம் ஒன்றுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். நாங்கள் போனபோது மிஷினை விட்டு எழுந்துவந்து, நாயையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடைக்கலராஜ் நடந்ததை நான்கு வாக்கியத்தில் சொன்னார். லூர்துராணி தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டார். "நான்தானே ஆக்கிப் போட்டேன்" என்றார். "ஆசையாத் திங்குதேன்னு ரெண்டாவது தடவையும் போட்டேன்."

ஆறு மணிக்கு மாத்திரையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு. லூர்துராணி புதுச்சோறு வடித்து, கோழியீரல் இரண்டு துண்டு வேகவைத்துப் பிசைந்தார். உப்பு ஜாடி அடுக்களைப் பரணில் இருந்தது, வாயைத் துணியால் கட்டி. அடைக்கலராஜ் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தார். துணியின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் முடியவில்லை, பல்லால் அவிழ்த்தார்.

"எவ்ளோ போடணும்?" என்று கேட்டேன். ஸ்பூன் அளவு ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன்.

லூர்துராணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் என்னிக்குங்க சார் அளந்து போட்டிருக்கேன்? கையால அள்ளிப் போடுவேன். சரியா இருக்கான்னு வாயில வச்சுப் பாப்பேன்."

அப்போதுதான் மூன்று பேருக்கும் விளங்கியது. முன்பு இருந்த அளவு எந்தத் தாளிலும் இல்லை. அது அந்த வீட்டு நாக்கில்தான் இருந்தது. வெளியே பம்பர் எழுந்திருக்கப் பார்த்து, தரையில் நகம் வழுக்கும் சத்தம் கேட்டது.

"நான் பாத்துச் சொல்றேனே. எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ஒங்க வீட்டு உப்பு ஒங்களுக்குத் தெரியும் சார்" என்றார் அடைக்கலராஜ், மரியாதையாகவே. "எங்க வீட்டு உப்பு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க தொடாதீங்க. நான் பாக்குறேன்" என்று லூர்துராணி கையை நீட்டினார். "ஆக்குனவ நான்."

"நேர்ந்தவன் நான்" என்றார் அவர். "இரு."

அவர் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துச் சோற்றின் மேல் தூவினார். நாயின் தட்டில்தான், அலுமினியத் தட்டு, ஓரமெல்லாம் பல் பட்ட கீறல். ஐந்து விரலாலும் அடிவரை பிசைந்தார். சின்னதாக ஒரு கவளம் உருட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். லூர்துராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாவின் உதடு அசைந்தது, ஜெபமா அழுகையா எனக்குத் தெரியவில்லை. அடைக்கலராஜ் கவளத்தை வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். நாக்கால் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"போதல" என்றார்.

இன்னொரு சிட்டிகை எடுத்துத் தூவிப் பிசைந்து, அடுத்த கவளத்தைக் கொஞ்சம் பெரிதாகவே உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.